மாமிக்குச் சொன்ன படத்தின் முடிவு

மாமியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்த்தது அவருடைய கால்விரல்களைத்தான். ஹோலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை தொங்கும். துவைத்துத் துவைத்து அது ஒரு சாண் சுருங்கிப்போயிருந்தது. அதற்குக் கீழே சில வேளை இரண்டு கால்கள் தெரியும். வலது பெருவிரல் நகம் கறுத்திருக்கும். எப்போதோ அம்மிக் குழவி விழுந்ததாம். நான் செருமினால் அந்தக் கால்கள் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அப்படித்தான் நான் மாவடிப்பள்ளியிலிருந்து கல்முனைக்கு வந்தேன். மருமகன் இருக்கும் இடத்துக்கு மாமி, பெண்ணின் உம்மா, வரமாட்டார். அவனோடு நேரே கதைக்கவும் மாட்டார். மருமகன் வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் உள்ளே வருவான், மாமி விலகிக்கொள்வதற்காக. இது மரியாதை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் மூன்று வருடம் ஒரு வீட்டில் இருந்து, அந்த வீட்டுக்காரி உன்னிடம் ஒரு சொல் கதைக்காவிட்டால், தெரிந்தது கூட மறந்துபோகும்.

நான் சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டினேன். காலை முதல் பஸ்ஸில் போவேன். மனைவி சோற்றுப் பொதியைக் கையில் தருவாள். வாழையிலையில் கட்டியிருக்கும். சோற்றுக்கு அடியில் ஒரு முட்டையோ, பொரித்த மீன் துண்டோ ஒளிந்திருக்கும். மில்லில் மற்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வருவேன். சாப்பிடுவேன். பேச எனக்கு அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தில் நின்றவனுக்கு வீட்டில் வந்து சொல்ல என்ன இருக்கிறது?

ஒரு நாள் வேலிப் பக்கம் நிற்கும்போது மாமியின் குரல் குசினிக்குள்ளிருந்து கேட்டது. “ஏன்கா புள்ள, ஒன்ட புருசன் வாயில பூட்டா போட்டிரிக்கி?” பக்கத்து வளவுச் சாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு என் நெஞ்சுக்குள் கிடந்தது. எனக்கு முன்னால் மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசி, அது சரிவராமல் போனதென்று கேள்விப்பட்டிருந்தேன். வாத்தியார் என்றால் நன்றாகக் கதைப்பார். மாமி அவரைத்தான் விரும்பியிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மில் முதலாளியிடம் சொல்லி அங்கேயே ஒரு அறை கேட்டேன். அவர் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை மில் பூட்டு என்பதால் வியாழன் பின்னேரம் மட்டும் வீட்டுக்கு வருவது என்று நினைத்தேன். மனைவியிடம், “வேல கூடிப்போச்சு” என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. சனிக்கிழமை போவதற்காக உடுப்புப் பையைக் கட்டி ஹோல் மூலையில் வைத்தேன்.

அந்த வாரம்தான் ஒரு புதுப் படம் வீடியோக் கசட்டாகக் கல்முனைக்கு வந்தது. அந்தக் கதையை நான் சின்ன வயதில் பார்த்திருந்தேன். பள்ளிக்கூட வளவில் வான் ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினார்கள். அப்போது அது கீறிய படம். ஆட்களும் குதிரைகளும் எல்லாம் கையால் கீறியவை. பேச்சு வேறு பாசை, வாத்தியார் பக்கத்தில் நின்று கதையைச் சொன்னார். இப்போது அதே கதையை ஆட்களை வைத்து, கலரில், தமிழில் எடுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் பெண்களும் பார்க்கக்கூடிய படம் என்று ஊரெல்லாம் கதை. எங்கள் பெண்கள் தியேட்டருக்குப் போவதில்லை. மச்சான் சவூதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த டீவியும் கசட் போடும் டெக்கும் எங்கள் ஹோலில் இருந்தன. வீடியோக் கடையில் பெயர் பதிந்து வைத்தோம். எங்கள் முறை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தது. பொழுதுபட்டு மஃரிபு ஆவதற்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெண்கள் உள்ளறையில் பாய் விரித்து இருந்தார்கள். மாமி, மனைவி, சாச்சி, பக்கத்து வீடுகளின் பிள்ளைகள். டீவியை உள்வாசலுக்கு நேரே திருப்பி வைத்தேன். திரைச்சீலையை டீவி தெரியும் அளவுக்கு ஒதுக்கி, மாமி அதன் மறைவில் இருந்தார். டெக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. நான் டீவியின் பக்கவாட்டில், சுவரைப் பார்த்தபடி இருந்தேன். எனக்குப் படம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது.

கதை இதுதான். ஒரு மந்திரவாதி அரசியை யார் கண்ணுக்கும் தெரியாதவளாக ஆக்கிவிடுகிறான். அவள் குரலும் யாருக்கும் கேட்காது. ஆனால் அவள் அரண்மனையை விட்டுப் போகவில்லை. மகனுக்குச் சமைக்கிறாள், போர்வை இழுத்துவிடுகிறாள். மகனோ, தாய் தன்னை வேண்டாமென்று போய்விட்டாள் என நினைத்துத் தானும் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். தாய் பின்னால் ஓடிக் கூப்பிடுகிறாள். அந்த இடத்தில் டெக் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. நாடாவைத் தின்றுவிட்டது.

பிள்ளைகள் கத்தின. “அல்லாஹ்வே, நல்ல இடத்தில” என்றார் சாச்சி. நான் டெக்கின் மூடியைக் கழற்றிக் கசட்டை வெளியே எடுத்தேன். நாடா கசங்கிக் கிடந்தது. சின்னத் திருப்புளி ஒன்று தேவைப்பட்டது. மனைவியிடம் கேட்கத் திரும்பினேன். அதற்குள் திரைச்சீலைக்கு அடியால் ஒரு கை வந்தது. தையல் மெசினுக்குரிய சின்னத் திருப்புளியைத் தரையில் வைத்துவிட்டுக் கை உள்ளே போனது.

கசட்டின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினேன். மனைவி உள்ளே சொன்னாள், “இவர் சின்னதில பார்த்திரிக்கார், உம்மா. முடிவு தெரியும்.” சாச்சி விடவில்லை. “ஊமை மாப்பிள்ள கதை சொல்லப் போறாரு. எல்லாரும் காதைத் தீட்டுங்க.” மறுபடியும் சிரிப்பு. நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மறுகா? அந்தப் புள்ள போயிட்டானா?”

அந்த ‘மறுகா’, பிறகு என்ன என்ற கேள்விதான், மூன்று வருடத்தில் மாமி என்னிடம் நேரே கேட்ட முதல் வார்த்தை. சாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

கை வேலையில் இருந்ததால் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். சொன்னேன். மகன் ஏழு மலை தாண்டித் தாய்க்கு நடந்ததை அறிந்தது, சிறகு முளைத்த கழுதை ஒன்று துணைக்கு வந்தது, மந்திரத்தை முறிக்கும் ஊற்றுத் தண்ணீரைத் தோல் துருத்தியில் கட்டிக்கொண்டு வந்தது, எல்லாம் சொன்னேன். கசங்கிய துண்டை வெட்டி, செலோடேப்பால் ஒட்டிக்கொண்டே சொன்னேன். வீட்டு வாசலில் தண்ணீரைத் தெளித்தான், முதலில் தாயின் கால்விரல்கள் தெரிந்தன, பிறகு மெல்ல மெல்ல முழு ஆளும் தெரிந்தது என்றேன். கீறிய படத்தில் கால்கள்தான் முதலில் தெரிந்தனவா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அந்த நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது திரைச்சீலையின் அடியைத்தான்.

பிறகு மாமி சொன்னார். “ஏன் போனான் மகன்? அவ வீட்டுக்குள்ளதானே இருந்தா. திங்கிற சோத்துல தெரியல்லயா அவனுக்கு?”

திருப்புளியைக் கீழே வைத்தேன். மனைவியைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன், “பொதி கட்டுறது ஆரு?”

“உம்மாதான். விடியச் சுபஹுக்கு எழும்பிக் கட்டுறா. ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. முட்டையை மனைவி ஒளித்து வைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஒரு பாரமான மூட்டையை இறக்கி வைத்த பிறகு தோள் தானாக மேலே எழும்புமே, எனக்கு அப்படி இருந்தது.

கசட் ஓடியது. ஒட்டின இடத்தில் படம் ஒரு தடவை துள்ளியது, அவ்வளவுதான். ஆனால் புதுப் படத்தில் முடிவை மாற்றியிருந்தார்கள். தாய் கடைசிவரை கண்ணுக்குத் தெரியாமலே வெளிச்சமாகி வானத்துக்குப் போய்விடுகிறாள். சாச்சி மூக்கைச் சிந்தினார். மாமி அழவில்லை.

“மருமகன் சொன்ன முடிவுதான் நல்லம். இவனுகள் மாத்திப் போட்டானுகள்.”

கசட்டைக் கடையில் கொடுத்து, ஒட்டின இடத்தையும் காட்டிவிட்டு வந்தேன். மூலையில் இருந்த பையை அவிழ்த்து உடுப்புகளை அலுமாரியில் வைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை வழக்கம்போலப் பஸ் ஏறினேன். பொதியை அவிழ்த்தபோது சோற்றுக்கு அடியில் இரண்டு முட்டை இருந்தது. அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து வாசலில் செருமினேன். கால்கள் உடனே போகவில்லை. கொஞ்சம் நின்று, மெல்ல ஆறுதலாகப் போயின.

அதற்குப் பிறகும் மாமி என் முன்னால் வந்து இருந்து கதைத்ததில்லை. வருடத்துக்கு நாலைந்து சொல் கதைத்திருப்பார். எனக்கு அது போதுமாயிருந்தது. அவர் மௌத்தாகிப் பல வருடமாகிறது. இப்போது என் மகளின் மாப்பிள்ளை இந்த வீட்டில் இருக்கிறார். ஹோலில் சாய்ந்து போனில் படம் பார்க்கிறார். என் மனைவி அவர் முன்னாலேயே நின்று, “சோறு ஆறுது, எழும்புங்க” என்று ஏசுகிறாள். அவர் சிரித்துக்கொண்டு எழும்புகிறார். நல்ல பிள்ளை. அவர் எதையும் ஊகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. அது எனக்கு நிம்மதி.

பச்சைத் திரைச்சீலை இல்லை. அது தொங்கின ஆணிகள் மட்டும் வாசல் நிலையில் இருக்கின்றன. வெளியே போய் வந்தால் இன்னும் நான் வாசலில் செருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். “ஆருக்குச் செருமுறீங்க, இப்ப?” என்று மனைவி கேட்பாள். உள்வாசலின் அடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். பிறகு உள்ளே போவேன்.