காலையில் ஓடிய குதிரை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாகர்கோவிலிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து, மலையாள நாட்டில் கழக்கூட்டம் என்ற ஊரில் மூன்று மாடிப் பெண்கள் விடுதி கட்டியிருக்கிறேன். ஐடி கம்பெனிப் பெண்கள் நான் போட்ட சோற்றைத் தின்றுதான் வேலைக்குப் போகிறார்கள். என்னை ஏமாற்ற இனிமேல் ஒருவன் பிறந்து வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மகளுக்கு எட்டாம் மாதம். டாக்டர் கவனமாக இருக்கச் சொன்னதால் மருமகன் ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தார். வயிற்றில் கட்டினால் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு என் ஃபோனில் கேட்கும். குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். அடுக்களையில் அரிசி டிரம்மின் மேல் ஃபோனை வைத்து எல்லோரையும் கேட்க வைப்பேன்.

"வயித்துல கிடக்கும்போதே சிசிடிவி வெச்சாச்சா சேச்சி? பாவம் கேட்டோ, அந்தக் கொச்சு," என்றாள் சமையல்காரி.

"என் பேரனாக்கும். இப்பமே ஓடிப் பழகட்டும்," என்றேன்.

அன்று மதியம் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். விடுதி ஃபோன் அடித்தது. மகள்.

"அம்மா, பிள்ள அசையவே இல்லம்மா. பயமா இருக்கு."

"என்ன பேச்சு பேசுக? இங்க ஓடிட்டுல்லா இருக்கு. கேளு." ரிசீவரை டிரம் பக்கமாக நீட்டிப் பிடித்தேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, பெல்ட்டு கட்டில்ல கிடக்கு. காலைல குளிக்கப் போகும்போதே கழட்டிட்டேன்."

சமையல்காரி அடுப்பை அணைத்தாள். எண்ணெய்ச் சத்தம் அடங்கியதும் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. யாருடைய நெஞ்சு அது?

ஆட்டோவில் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் என் மடியில் பைக்குள் அது அடித்துக்கொண்டே வந்தது. அணைக்கக் கை வரவில்லை. அணைத்தால் அங்கே நின்றுவிடுமோ என்று இருந்தது.

போனவுடன் ஆபரேஷன். பேரன் நீலம் பாரித்து வந்தான். வெகுநேரம் கழித்துத்தான் அழுதான்.

பெல்ட்டிலிருந்து புதிதாக ஒன்றும் வராவிட்டால் கடைசியாக வந்ததையே ஃபோன் திரும்பத் திரும்பப் போடுமாம். மருமகன் சொன்னார். ஆக, மதியம் நான் கேட்டது காலையில் ஓடிய குதிரை.

அந்தச் சத்தத்தை ஃபோனிலிருந்து அழிக்கச் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை. பேரன் எவ்வளவு அழுதாலும் அதைப் போட்டால் சட்டென்று நிறுத்திவிடுகிறான். தூங்குவதில்லை. ஃபோனையும் பார்ப்பதில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பார்க்கிறான். ஒரு விடுதியையே அதட்டி வைத்திருக்கிறவள் நான். அந்த நேரத்தில் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.