துக்கத்துக்கு வந்த லாரி

என் மனைவி எஸ்தர் இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். படுத்தால் மூச்சு அடைக்கும். சுவரோரம் தலையணையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் இழுத்து இழுத்து மூச்சு விடுவதைக் கேட்டால் எனக்குக் கஷ்டம். அது கேட்காமல் போனால் அதைவிடக் கஷ்டம்.

இது எண்பதுகளின் ஆரம்பம். அப்போது நாங்கள் மலேசியாவில் இருந்தோம். நான் ஏற்காடு மலையில் செம்மநத்தத்துக்காரன். ஆறாம் வகுப்போடு மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. எஸ்டேட்டில் காப்பி பறித்தேன், கூர்க்கில் மரம் அறுத்தேன், பம்பாயில் ஓட்டலில் மாவாட்டினேன், ஒரு கப்பலின் சமையல்கட்டில் ஏறிக் கரை தாண்டினேன். கடைசியில் சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டினேன். பசி பழக்கம், வெட்டவெளியில் படுப்பதும் பழக்கம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்தரை அங்கே சபையில்தான் கண்டேன். தாய் தகப்பன் இல்லாதவள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் யார் யாரிடமோ சாப்பிட்டு வளர்ந்தவள். நன்றாகப் பாடுவாள். கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் பாட்டு நின்றது. பிறகு மாடிப்படி நின்றது. பிறகு படுத்துத் தூங்குவதும் நின்றது.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். அங்கே சொன்ன செலவு எங்கள் இரண்டு பேர் ஆயுசுக்கும் சம்பாதித்தாலும் எட்டாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். அந்த டாக்டரே ஒரு நாள் கேட்டார், "உங்கள் நாட்டிலேயே இதைச் செய்கிறார்களே, செலவும் கொஞ்சம்தானே, ஏன் போகக்கூடாது?" என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஓடி வந்த ஊருக்கு வைத்தியத்துக்குப் போவதா? ஆனால் எஸ்தருக்கு அது வெளிநாடு. பாஸ்போர்ட் எடுக்கவேண்டும், கடல் தாண்டவேண்டும்.

"வெளிநாடு போயி வைத்தியம் பாக்குற அளவுக்கு நாம என்ன பெரிய பணக்காரங்களா?" என்றாள்.

"பணம் இல்லாததாலதான் வெளிநாடு போறோம்" என்றேன்.

பினாங்கில் கப்பல் ஏறும்போது அவளால் ஏணியில் கால் வைக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஏறினேன். பின்னால் வந்த ஒருவர், "புதுசா கல்யாணம் ஆனவங்களா?" என்று கேட்டார். எஸ்தர் மூச்சு வாங்கிக்கொண்டே, "பழசுதான்லா, நடக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறேன்" என்றாள். கப்பல் முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் அவள் எவ்வளவு லேசாகிவிட்டாள் என்று கை சொன்னது.

மெட்ராசில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலைமேல் போகவில்லை. அந்த வளைவுகளில் அவளை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன் தாவீதுக்கு மட்டும், "வந்திருக்கிறோம், அவளுக்கு நெஞ்சில் கோளாறு, நல்லானதும் வருகிறோம்" என்று ஆஸ்பத்திரி பேரும் போட்டு எழுதினேன். எங்கள் ஜனங்கள் எஸ்தரைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

நாங்கள் சேர்ந்தது ஒரு பெரிய மிஷன் ஆஸ்பத்திரி. சேலத்துக்கு பஸ்ஸில் அரை நாள் ஆகும். சில வாரம் மருந்து கொடுத்து அவளைத் தேற்றினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா வந்து, "வியாழக்கிழமை ஆபரேசன்" என்றார். நான் கை கூப்பினேன். அவர் முடிக்கவில்லை.

"அன்றைக்குக் காலையில் புதிதாக எடுத்த ரத்தம் வேண்டும். ஆறு பேர். எல்லாரும் ஓ குரூப்பாக இருக்க வேண்டும். உங்கள் சொந்தக்காரர்களை நாளைக்குள் கூட்டி வாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம். அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்கள் மனைவியால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

என் ரத்தத்தைப் பார்த்தார்கள். வேறு குரூப். அது சேர்ந்திருந்தாலும், ஊர் சுற்றிய காலத்தில் வந்த மஞ்சள்காமாலைக்காக எடுத்திருக்க மாட்டார்களாம். காசுக்கு விற்பவர்களின் ரத்தத்தை அந்த ஆஸ்பத்திரி தொடாது. வார்டில் இருந்தவர்களுக்கு அவரவர் நோயாளிக்கே ஆள் போதவில்லை. உலகத்தில் பாதியைச் சுற்றியவன் நான். ஆறு பேருக்கு அன்றைக்கு வழியில்லை.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அழுதேன். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, ஆறு பேர் வேணும். இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. உமக்குத் தெரியும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எஸ்தரை விட்டுவிட்டு நான் மலைக்குப் போக வழியில்லை. சேலம் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சேலத்துல ஏற்காடு பஸ்காரர்கிட்ட சொல்லுங்க. அவர் ஒண்டிக்கடை ஸ்டாப்பு டீக்கடையில சொல்லட்டும். செம்மநத்தம் தாவீது ஊட்டுக்கு. தம்பி சம்சாரத்துக்கு ஆபரேசன், ரத்தம் வேணும், எல்லாரும் உடனே கெளம்பி வரணும்." அவர் ரைட் கொடுத்துக்கொண்டே தலையாட்டினார். எங்கள் மலைக்கு அந்தக் காலத்தில் சேதி அப்படித்தான் போகும்.

ஆனால் உள்ளுக்குள் நம்பிக்கை இல்லை. எங்கள் ஆட்கள் மண்வெட்டியில் காலை வெட்டிக்கொண்டாலும் மஞ்சளை அப்பிவிட்டு வேலை செய்வார்கள். ஊசிக்கு மட்டும் பயம். ரத்தம் கொடுத்தால் மறுபடி ஊறாது, மலை ஏறத் தெம்பு இருக்காது என்று நம்பினவர்கள்.

புதன்கிழமை மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. எஸ்தருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கீழே வாசல் பக்கம் பெரிய ஒப்பாரி கிளம்பியது. பல பெண்கள் சேர்ந்து அழுகிறார்கள்.

"பாவம், யாரோ போயிட்டாங்க. ஜெபம் பண்ணுங்க" என்றாள் எஸ்தர். நானும் கண்ணை மூடினேன். அப்போது அந்த அழுகையில் ஒரு குரல் எனக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

ஒரு எஸ்டேட் லாரி. அது நிறைய எங்கள் ஊர் ஜனங்கள். கையில் மாலை. என் அண்ணி அன்னம்மா மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் வருகிறாள். "கடல் தாண்டி வந்த கண்ணே, எங்க மொகம் பாக்காமப் போனியே!" வாட்ச்மேன் பாதையை மறித்து, "இன்னிக்கு இங்க யாருமே சாகலீங்களே அம்மா!" என்று கத்துகிறார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடினேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏனுங்க தம்பி, எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

"மேலே. கஞ்சி குடிச்சிட்டிருக்கா."

அழுகை அப்படியே நின்றது. அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு?"

"எஸ்தர்தான் அண்ணி. உயிரோடதான் இருக்கா."

"நாசமாப் போச்சு! பொழுது விடிஞ்சதுல இருந்து அழுதுட்டு வாறமுங்க. தொண்டை கட்டிப் போச்சுங்க!" என்று கத்தினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். அண்ணன் தாவீது என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

என்ன நடந்தது என்று பிறகு விசாரித்தேன். முதல் கண்டக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஏற்காடு பஸ்காரர், "ரத்தம்னு என்னமோ சொன்னாங்க, எல்லாரும் உடனே வரணுமாம்" என்று டீக்கடையில் சொன்னார். டீக்கடையிலிருந்து பால்காரர் வழியாகச் சேதி ஊர் போய்ச் சேரும்போது எஸ்தர் ரத்தம் கக்கிச் செத்துப் போயிருந்தாள். எல்லாரும் உடனே கிளம்பி வாருங்கள் என்றால் எங்கள் மலையில் வேறு அர்த்தமே கிடையாது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரும் துக்கத்துக்கு மட்டும்தான் லாரி விடுவார். சாவு என்றதும் கேள்வி கேட்காமல் சாவியை நீட்டிவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் லாரிப் பக்கமாக இரண்டு மூன்று பேர் நகர்ந்தார்கள். அண்ணி ஒளிக்காமல் சொன்னாள்: "ரத்தம்னு சரியாச் சொல்லியிருந்தீங்கன்னா ஒருத்தரும் வந்திருக்க மாட்டமுங்க தம்பி."

எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் காளியண்ணன் முன்னால் வந்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. மலைமேல் சாமைக்காடு வைத்திருந்தவர்; துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "பாடைக்குத் தோள் குடுக்கலாமுன்னு வந்தனுங்க. தோளுக்கு வேலையில்லைன்னா கையைப் புடிங்க. எங்க குத்தோணும்?" என்றார்.

அதற்குப் பிறகு யார் பின்வாங்க முடியும்? தோள் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் குரூப் பார்க்க வரிசையில் நின்றார்கள். ஊசியைப் பார்த்ததும் ஒருவர் மயங்கி விழுந்தார். "குத்தறதுக்கு முன்னாடியே போயிட்டான், மாலையை இவனுக்குப் போடுங்க" என்று ஒரே கூத்து. நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் நர்ஸ் வந்து பெயர்களைச் சொன்னார். காளியண்ணனோடு சேர்த்து ஐந்து பேர்தான் ஓ குரூப். இன்னும் ஒருவர் வேண்டும். ஆண்கள் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது.

அண்ணி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் எஸ்தருக்குப் போர்த்தக் கொண்டுவந்த கோடிச் சேலை இருந்தது. செத்தவளுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடி வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எஸ்தருக்குத்தான் பிறந்த வீடே இல்லையே. அதனால் வழியில் லாரியை நிறுத்தி அண்ணியே சேலத்தில் ஒன்று எடுத்திருக்கிறாள். பச்சை நிறம், அரக்குக் கரை.

அவள் எழுந்தாள். "கோடி எடுத்துட்டு வந்தவ நானு. பொறந்த ஊடு நாங்கதான்னு லாரியிலயே சொல்லிப்போட்டேன். பொறந்த ஊட்டு ரத்தம் வேற எங்கிருந்துங்க வரும்? எனக்குப் பாருங்க" என்று கையை நீட்டினாள். மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அண்ணியின் ரத்தம் ஓ குரூப்.

நர்ஸ் அதைச் சொன்னபோது நான் அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டேன். சைக்கிள் கொட்டகையில் நான் கேட்டது ஆறு பேர். பஸ் ஸ்டாண்டில் நான் சொல்லி அனுப்பிய விதத்தில் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். என் வார்த்தை வழியில் கெட்டுப்போனது. கர்த்தர் கெட்டுப்போன அந்த வார்த்தையையே பிடித்து லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ஆறு பேரும் ரத்தம் கொடுத்தார்கள், ஆபரேசன் நடந்தது. எஸ்தரின் இதயத்தை நிறுத்தி, மிஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, கெட்ட வால்வை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து தலையை ஆட்டிச் சிரித்தபோது, மரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்கள் மலை ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. அண்ணி பாட்டை எடுத்தாள். ஒப்பாரி வைத்த அதே தொண்டைதான். வாட்ச்மேன் இந்த முறை தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாளில் நான் வார்டுக்குள் போனபோது எஸ்தர் படுத்திருந்தாள். தலையணை ஒன்றுதான். மல்லாந்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

உடம்பு தேறியதும் மலை ஏறினோம். முதல் ஞாயிறு கோவிலுக்குப் புறப்படும்போது எஸ்தர் அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணி பதறிப் போனாள். "வேண்டாங் கண்ணு, அது எழவுச் சேலை! கழட்டு, வேற தாறேன்."

"எனக்குத்தானே எடுத்தீங்க? பொறந்த வீட்டுச் சேலை எனக்கு இது ஒண்ணுதான் அக்கா" என்றாள் எஸ்தர். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொசுவத்தைக் குனிந்து சரிசெய்துவிட்டாள். அந்தச் சேலையில் எஸ்தர் சபை முன்னால் நின்று பாடினாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், கடைசி அடி வரைக்கும். பின்வரிசையில் காளியண்ணன் உட்கார்ந்து கேட்டார்.

நாங்கள் திரும்பிக் கப்பல் ஏறவில்லை. மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊரில் ஒரு வீடு பிடித்தோம். நான் எஸ்டேட் லாரி ஓட்டினேன், அதே லாரியைத்தான். கால் நிற்காத எனக்கு இப்போது வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை. எஸ்தர் தினமும் மாத்திரை போட வேண்டும். அவள் நெஞ்சில் வைத்த வால்வு கடிகாரம் மாதிரி சத்தம் போடும். அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிவிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்றைக்கு ஆள் இல்லாமல் இருக்கலாம். ஜெபிக்க வார்த்தை இல்லாமல் இருக்கலாம். எனக்கும் அன்றைக்கு இல்லை. பதில் இந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று கர்த்தருக்குச் சொல்லித் தராதீர்கள். அது மாலையோடும் ஒப்பாரியோடும் வாசலுக்கு வரலாம். பயப்படாமல் இறங்கிப் போய்ப் பாருங்கள்.

உங்களுக்கு எத்தனை பேர் வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். வண்டியை அவர் பார்த்துக்கொள்வார்.