மல்லாந்து விழுதல்

குருநகர் யோசப்பினுக்கு நடனத்தில் ஆசை இருந்ததென்று சொல்ல முடியாது. அவளுக்கு இருந்தது தோள்மூட்டு வலி. பதினொரு வருசமாக நண்டுக் கொம்பனியில் நின்றபடியே அவித்த நண்டைப் பிளந்து சதை எடுக்கிற வேலை. நாற்பத்தாறாவது வயதில் வலது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. ஆஸ்பத்திரியில் கையை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அரியாலையில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கு வகுப்பு நடக்கிறது, கையைக் காலை ஆட்டுவதுதான் அங்கே வேலை என்று கூட வேலை செய்யும் றொசாந்தி சொன்னாள். உடற்பயிற்சியாக்கும் என்று நினைத்துச் சைக்கிளில் போனாள்.

போய்ப் பார்த்தால் அது நவீன நடனம். படிப்பித்தவள் றஜனி. பண்டத்தரிப்பில் பிறந்து, கைக்குழந்தையாகக் கொழும்புக்குப் போய், அங்கேயே நடனம் பழகி வந்தவள். வயது இருபத்தாறு. எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். தையல்கடை வைத்திருக்கும் நஜ்முன்னிஸாவுக்காக வீதிப்பக்க யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்.

றஜனி போனில் பாட்டில்லாத இசையொன்றைப் போட்டுவிட்டு, “நடங்கோ அக்கா” என்றாள்.

“எப்பிடி நடக்கிறது?”

“உங்களுக்கு வாற மாதிரி.”

பரத வகுப்புப் போலத் தட்டுக்கழி எப்போது வரும், தெய்யா தெய் எப்போது சொல்லுவாள் என்று யோசப்பின் காத்திருந்தாள். ஒரு மணித்தியாலம் நடந்ததோடு வகுப்பு முடிந்தது. வீட்டில் புருசன் லெனாட் வலையைத் தைத்துக்கொண்டிருந்தவன், “என்ன பழகினீர்?” என்று கேட்டான்.

“நடக்க.”

அவன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்புக்காகவே அவள் அடுத்த சனிக்கிழமையும் போனாள்.

நாலாவது கிழமை றஜனி விழச் சொன்னாள். நிலத்துக்கு உடம்பைக் கொடுக்கப் பழக வேண்டும், பயப்படாமல் விழுங்கோ என்றாள். மற்றவர்கள் முழங்காலைப் பிடித்து, சீலையை ஒதுக்கி, சிரித்துச் சிரித்து ஒவ்வொருவராக நிலத்தில் இருந்தார்கள். யோசப்பின் விழுந்தாள். ஒரே வீச்சில், சத்தமில்லாமல், குப்புற. முழங்கைகள் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், விரல்கள் காதுக்குள், வாய் திறந்தபடி.

றஜனி கை தட்டினாள். “அக்கா, அருமை! இப்பிடி விழ எங்கை பழகினீங்கள்?”

“பள்ளிக்கூடத்திலை.”

“என்ன பள்ளிக்கூடம்? நடனம் படிப்பிச்சதோ?”

நாற்பது தாண்டியவர்கள் எல்லாருக்கும் அந்த விழுதல் தெரியும். சண்டைக் காலத்தில் குண்டு போட பொம்பர் வரும்போது ரீச்சர் விசில் ஊதுவா. வகுப்பு வாங்குக்குக் கீழே அப்படித்தான் படுக்க வேண்டும். யோசப்பின் எழும்பி முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அதைத்தான் சொன்னாள், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல. றஜனியின் முகம் சிவந்துவிட்டது. “எனக்குத் தெரியாதக்கா” என்றாள்.

“தெரியாமல் இருக்கிறது நல்லதுதானே,” என்றாள் யோசப்பின்.

நஜ்முன்னிஸா சுவரோடு சாய்ந்திருந்து, “முஸ்லிம் சனத்தை இஞ்சையிருந்து கலைக்க, நாங்கள் தொண்ணூறிலை வெளிக்கிட்டது. அதுக்குப் பிறகு புத்தளத்திலை ஓலைக் கொட்டிலிலை இருபது வருசம்,” என்றாள். “ஆனா உந்தப் படுக்கை எனக்கும் மறக்கேல்லை.”

அன்றைக்கு மிச்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்து கதைத்தார்கள்.

பிறகு வந்த கிழமைகளில் றஜனி வேறு விழுதல்களைக் காட்டினாள். பக்கவாட்டில் உருண்டு விழுவது, இருந்தெழும்பி விழுவது, கடைசியாக மல்லாந்து. மற்றதெல்லாம் யோசப்பினுக்கு வந்தது. மல்லாந்து விழுவது மட்டும் வரவில்லை. பின்பக்கம் சரியத் தொடங்கியதும் உடம்பு தானாகத் திரும்பி முகத்தை நிலத்தில் மறைத்துவிடும். இரண்டு மாதம் இப்படிப் போனது. றஜனி பாய் விரித்துப் பார்த்தாள். பின்னால் நின்று தாங்கிப் பார்த்தாள். “விடுங்கோ, எல்லாரும் எல்லாம் செய்யோணும் எண்டில்லை” என்றும் சொன்னாள். யோசப்பின் விடவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மெத்தையில் விழுந்து பார்த்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் விழுந்தாள். அன்று கொம்பனியில் இரட்டை வேலை, நல்ல களைப்பு. முழங்கால் மடிந்தது, இடுப்பு, முதுகு, கடைசியில் தலை. கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. மேலே ஓட்டுக்கூரை, சிலாகை, ஒரு குருவிக்கூடு. அவள் எழும்பவில்லை. இசை முடிந்தும் கிடந்தாள். நஜ்முன்னிஸா வந்து, “என்ன, அடிபட்டுப்போச்சோ?” என்று குனிந்தாள்.

“இல்லை. பாத்துக்கொண்டு கிடக்கிறன்.”

மார்கழியில் அதே மண்டபத்தில் நாற்பது பேருக்கு ஆடிக் காட்டினார்கள். லெனாட் கடைசிக் கதிரையில் இருந்தான். எட்டுப் பெண்களும் ஒன்றாக மல்லாந்து விழுந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் கை தட்டினார்கள். போகும் வழியில் அவன், “எப்ப துவங்கினது, எப்ப முடிஞ்சது எண்டு எனக்கு விளங்கேல்லை,” என்றான். கொஞ்சத் தூரம் போய், “ஆனா நீர் விழேக்கை நான் எழும்பிட்டன்” என்றான்.

தை பிறந்ததும் றஜனி வேலை கிடைத்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். வகுப்பு நின்றது. ஏழு கிழமை கழித்து யோசப்பினும் நஜ்முன்னிஸாவும் சனசமூக நிலையத் தலைவரிடம் போய் மண்டபப் பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது ஐந்து பேர் வருகிறார்கள். படிப்பிக்க ஆளில்லை, போனில் இசை போகும், அவரவர் ஆடுவார்கள். வியாழக்கிழமையும் வைத்தால் என்ன என்று நஜ்முன்னிஸா கேட்டிருக்கிறாள். யோசப்பின் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.