தொடுவதற்கு முன் கேட்கச் சொன்ன ஸ்டெல்லா மேடம்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார். இன்று காலை, விருதுநகரில், ஆஸ்பத்திரியில் வைத்து.

என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்... எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒழுங்கில்லாமல் எழுத எனக்கு வராது. அதனால் வரிசையாக:

1. நாடகத்துக்குள் அவர் என்னை இழுத்த கதை.
2. அவர் வேலை செய்த விதம்.
3. ஒரு டைரக்டராக அவர் செய்த ஒரே பிழை. நாரணாபுரத்தில் எங்கள் நாடகத்தின் முக்கியமான காட்சியை விட்டுக்கொடுத்தது.

அஞ்சலியில் பிழையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் இருந்தால் சொல்லத்தான் சொல்லுவார்.

இதுவரை காலையில் எழுதியது. மீதியை ஆமத்தூரில் அடக்கம் முடிந்து, வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். மைக் முன்னால் நின்றால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "சார், நடக்கும்போது ரெண்டு கையையும் எங்கன வைக்குறதுன்னு தெரியாமயே நடக்குறீக. எனக்கு அப்படி ஒருத்தர் வேணும்" என்றார்.

கோபப்படுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ரிகர்சலுக்கு நேரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னைத் தவிர நடித்தவர்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள். முதல் நாள் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். மேடம் பேச்சை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

அதுதான் நாடகத்தின் தொடக்கம். வசனமே இல்லை. தட்டு விழும்... எல்லாக் கழுத்தும் வாசல் பக்கம் திரும்பும். பார்க்கிறவர்களும் திரும்பிவிடுவார்கள்.

கதை சின்னதுதான். வெடி விபத்தில் இரண்டு கையும் வெந்துபோன மனைவி, கட்டோடு வீட்டுக்கு வருகிறாள். தலை சீவ முடியவில்லை. கணவன் பின்னால் உட்கார்ந்து சடை பின்னிவிடுகிறான்.

கணவன் நான். மனைவியாக மாரீஸ்வரி. பாக்கிங்கில் வேலை பார்ப்பவர்.

எனக்குச் சடை பின்னத் தெரியாது. நாற்காலி முதுகில் சணலைக் கட்டி மேடம் பழக்கினார். மாரீஸ்வரி எட்டிப் பார்த்து, "சார், இது எனக்கா, மாட்டுக்கா?" என்றார்.

இப்படித் தொடும் காட்சிகளை அமைப்பதற்கென்றே மேடம் வெளியூரில் படித்திருந்தார். இன்டிமசி டைரக்‌ஷன் என்று பெயராம். "அந்தப் பேரைச் சொன்னா நம்ம ஊர்ல அடி விழும் சார். நீங்க கேட்டுட்டுத் தொடுங்க, அம்புட்டுதான்."

ஒவ்வொரு நாளும் நான் கேட்க வேண்டும். "தொடலாமாம்மா?" மாரீஸ்வரி சொல்ல வேண்டும். "தலை சரி சார். கழுத்து வேண்டாம்." விரல் எங்கே தொடங்கும், எங்கே நிற்கும், யார் முதலில் விலகுவது... எல்லாம் முடிவு செய்த பிறகுதான் நடிப்பு.

நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவன் நான். என் மனைவியிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை... அது வேறு விஷயம்.

நாரணாபுரத்தில் பள்ளிக்கூட மைதானம். நல்ல கூட்டம். தொடங்குவதற்கு முன் வழக்கம்போல் கேட்டேன். மாரீஸ்வரி, "இன்னைக்கு வேண்டாம் சார்" என்றார்.

மேடத்திடம் ஓடினேன். "நேத்து சரின்னாங்களே மேடம்..."

"அது நேத்து சார்."

காரணம்கூடக் கேட்கவில்லை. "சீப்பை வச்சுக்கிட்டு பின்னால உக்காருங்க. தொட வேண்டாம்."

உட்கார்ந்தேன். கையில் சீப்பு. நேரம் போகிறது. கூட்டத்திலிருந்து ஒரு பெண், "ஏய்யா, சும்மா உக்காந்திருக்கீரு? சீவி விடும்" என்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மாரீஸ்வரி திரும்பாமலே, "நான் சொல்லாம தொடமாட்டாரு" என்றார். நாடகத்தில் இல்லாத வசனம். பிறகு கட்டுப் போட்ட கையாலேயே சீப்பை வாங்கினார்... அது நழுவி விழுந்தது. எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவ்வளவுதான் காட்சி.

ஆனைக்குட்டத்தில், வேறு ஊர்களில் எல்லாம் சடை பின்னினேன். நாரணாபுரத்தில் மட்டும் காட்சி கெட்டுப்போனது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் மாரீஸ்வரியிடமும், "அன்னைக்கு ஒருநாள்தான் சரியா வரல" என்று சொல்லிவிட்டேன்.

மாரீஸ்வரி என் பக்கம் திரும்பினார்.

"முன்வரிசையில எங்க அக்கா மக இருந்தா சார். வெடி விபத்துல போனாளே, அந்த அக்கா. வேலைக்குக் கிளம்புறப்போ அக்காவுக்கு நான்தான் சடை போட்டு விடுவேன்."

"மேடத்துக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"மேடம்கிட்டகூட சொல்லல. அவுகளும் ஏன்னு கேக்கல. கேட்டிருந்தாகன்னா அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன் சார். அப்புறம் எந்த ஊருக்கும் வந்திருக்க மாட்டேன்."

போய் வாருங்கள், மேடம்.

மூன்றாவதாக எழுதியது தவறு.