தேங்காயெண்ணெய் ஊற்றிய கார்

போன கிழமை கொழும்பிலிருந்து வந்த என் அக்கா மகன் தினேஷ், மேசைமேல் ஒரு குட்டிப் போத்தலை வைத்துவிட்டு, "மாமா, மோந்து பாருங்க" என்றான். மோந்து பார்த்தேன். வாசமே இல்லை. ரிமோட் காரின் ஷொக்குக்குள் ஊற்றுவதற்கென்றே செய்கிற சிலிக்கன் எண்ணெயாம், வெளிநாட்டிலிருந்து பார்சலில் எடுப்பித்தானாம். பக்கத்திலேயே அந்தப் பழைய சிவப்புக் கார், நாலு சக்கரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பல் பிடுங்க வந்த ஆள் மாதிரி பாவமாக உட்கார்ந்திருந்தது.

என் மூக்கு என்னவோ தேங்காயெண்ணெயைத்தான் தேடியது.

ஷொக் என்றால் பெரிய வித்தையெல்லாம் இல்லை. சுருள் கம்பிக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு குழாய். குழாய்க்குள் எண்ணெய். எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு குட்டித் தட்டு, அதைத் தாங்கும் ஒரு தண்டு, தண்டோரமாக எண்ணெய் கசியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். கார் பள்ளத்தில் விழும்போது அடியை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் போய்விட்டால் கார் தவளைதான்.

இந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது சரோஜா அக்காவோடு. அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தினேஷ் தவழ்ந்துகொண்டிருந்தான். அத்தான் அதற்கு முன்பே எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கதையை விடுங்கள், எனக்குக் கோபம் வரும். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஓரறைக் காம்பராவில் வைத்துப் பிள்ளையை வளர்த்தது என் மனைவி புஷ்பா. அவளைத்தான் அம்மா என்பான். மாதத்துக்கு ஒரு தரம் பதுளை டவுனுக்குக் கூட்டிப்போய், டெலிபோன் கடைக் கூண்டுக்குள் நிறுத்தி, ரிசீவரை அவன் காதில் வைப்போம். அதற்குள்ளிருந்து வருகிற குரலுக்கு அவன் வைத்த பெயர் 'போன் அம்மா'.

போன் அம்மா ஒருநாள் நேரிலேயே வந்து நின்றாள். அவனுக்கு அப்போது ஐந்து வயது. புஷ்பாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "போன் அம்மா எப்ப போவாங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். அக்கா சிரித்தாள். எப்படித்தான் சிரித்தாளோ.

அக்கா வேலை செய்த வீட்டுப் பையன் விளையாடிச் சலித்து ஒதுக்கிய கார் அது. தன் உடுப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியில் இதற்கு இடம் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். திறந்தால், ஷொக் எண்ணெயெல்லாம் மிச்சமிருந்த உடுப்பில். காரின் பின்பக்கம் நிலத்தோடு உரசியது.

"தம்பி, இத எப்படியாச்சும் சரியாக்கிக் குடு. இதுக்கும் அவன் எங்கிட்ட ஒட்டலைன்னா நான் திரும்பிப் போயிர்றேன். தைப்பொங்கல் முடிய ஏஜன்சிக்காரரு பதில் கேட்டு வாராரு."

நான் அப்போது பதுளையில் ஒரு ரேடியோ திருத்துகிற கடையில் இருந்தேன். கூட வேலை செய்த நிஸாம் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஒங்கட முகத்தப் பாத்தா ஒப்பரேஷன் செய்யப் போற டொக்டர் மாதிரி இருக்கு" என்றான். தேய்ந்த வளையத்துக்குப் பதிலாகப் பழைய சிகரெட் லைட்டர்களுக்குள் இருந்த வளையங்களைப் பிடுங்கிப் போட்டோம். முதலில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினோம். அது தண்ணி மாதிரி. கார் மேசையில் ஒரு குதி குதித்து முதலாளியின் தேத்தண்ணியைக் கவிழ்த்தது. அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் என் பெரிய மூளை வேலை செய்தது. தேங்காயெண்ணெய்! மேசை விளக்கின் சூட்டில் அது அளவான பதத்தில் இருந்தது. குழாயை நிமிர்த்திப் பிடித்து ஊற்றி, தண்டை மெல்ல மெல்ல மேலும் கீழும் அசைக்கவேண்டும். உள்ளே ஒளிந்திருக்கிற காற்று முட்டை முட்டையாக வெளியே வரும். அவசரப்பட்டு மூடினால் காற்று மாட்டிக்கொண்டு க்ளக் க்ளக் என்று முனகும். நாலையும் பொறுமையாகச் செய்து பூட்டினேன். அழுத்தினால் மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இல்லை. மார்கழிப் பனி லயத்துக் கூரைவரை இறங்கியிருந்தது. அக்கா விடியமுன்பே எழும்பி, தலைவாரி, நல்ல சட்டை போட்டு, காரை வாசலில் வைத்தாள். பக்கத்து வீட்டார் எல்லாம் வந்துவிட்டார்கள். ரிமோட்டை அழுத்தினேன். கார் மரக்காலில் நடக்கிற மாதிரி டக் டக்கென்று ரெண்டு கல் தாண்டி, மூன்றாவது கல்லில் மல்லாந்தது. தூக்கிவிட்டேன். மறுபடி மல்லாந்தது. ஷொக் நாலும் இரும்பாக இறுகிக் கிடந்தன.

"இது ஓடாத காரு" என்று சொல்லிவிட்டுத் தினேஷ் புஷ்பாவிடம் போய்விட்டான். நான் செத்துப் போகலாம் போல இருந்தது.

புஷ்பாதான் கேட்டாள்: "ஏங்க, இதுக்குள்ள என்னாத்த ஊத்தினீங்க?"

"தேங்காயெண்ணெ."

"அட கடவுளே! தலைக்கு வைக்கிற எண்ணெயவே காலையில அடுப்போரம் வச்சுத்தானே உருக்குறோம்! தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியாமலென்ன, பிறந்ததிலிருந்து அந்தப் போத்தலை உருக்கித்தான் தலைவாருகிறேன். லயமே சிரித்தது. நான் காரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அக்கா மறித்து, "அடுப்புல வச்சா பிளாஸ்டிக்கு உருகிரும், இங்க குடு" என்று வாங்கி, கொழுந்து பறிக்கப் போகிறபோது மழைக்குப் போர்த்துகிற பழைய கம்பளிக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தாள்.

தினேஷ் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "போய்ப் பாரு, உருகிருச்சான்னு" என்று புஷ்பா அவன் முதுகைத் தள்ளிவிட்டாள். போனான். முதலில் கம்பளிக்குள் ஒரு கையை விட்டான். பிறகு தலையை. பிறகு குளிருக்கு ஆள் முழுசாகவே உள்ளே போய்விட்டான். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது:

"அம்மா, இன்னும் உருகலையா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள். புஷ்பா உள்ளே போய், கழுவி வைத்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவளுக்கும் அவன் பிள்ளைதானே.

அடுத்த கிழமை, உறையாத விளக்கெண்ணெய் வாங்கிக்கொண்டு மாற்றப் போனேன். "கைய வச்ச, அவ்வளவுதான்!" என்று அக்கா காரைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தாயும் பிள்ளையும் விடிந்தால் கம்பளிக்குள் கார் உருக்கினார்கள். பொங்கல் முடிய ஏஜன்சிக்காரர் வந்தார். "காலையில எனக்கு இங்க வேல இருக்குங்க, வர முடியாது" என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள். புஷ்பா, புஷ்பாம்மா ஆனாள். அந்தப் பெயரில் இன்றைக்கும் அவளுக்கு ஏக கர்வம்.

பிறகு எல்லோருமாக மலையை விட்டு மொனராகலைக்கு இறங்கி வந்துவிட்டோம். எனக்குச் சொந்தமாக ஒரு திருத்துகிற கடை. பின்பக்கம் அக்காவின் இடியாப்பக் கடை. அவளுடையதில்தான் கூட்டம்.

போன கிழமை வந்த தினேஷ் மூன்று ஷொக்கைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றிவிட்டான். நாலாவதை அக்கா முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணுல மட்டும் பழைய எண்ணெ இருந்தா காரு கோணும்."

"கோணட்டும்டா."

நாலாவதைக் கழுவாமலே வாங்கிப் பூட்டினான். கோணலாகத்தான் ஓடுகிறது. அந்த லயத்தை இடித்துவிட்டார்களாம். டெலிபோன் கடைக் கூண்டைக் காணோம். கம்பளியைக் கறையான் தின்றது. இங்கே மொனராகலையில் மார்கழியிலும் தேங்காயெண்ணெய் தண்ணியாகத்தான் கிடக்கிறது, யாரும் எதையும் உருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தக் குளிர் மட்டும் இல்லாதிருந்தால் என் கார் முதல் தடவையே ஜோராக ஓடியிருக்கும், தினேஷ் அதன் பின்னாலேயே ஓடியிருப்பான், அக்கா குவைத்துக்குப் போயிருப்பாள்.