பேச வேண்டியதைப் பாடுகிறவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்குகள் நடுவில் அவருக்கு உப்புத்தாள் என்று பெயர். எங்கே உரசினாலும் கொஞ்சம் தோல் போகும். பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. அவருடைய வருத்தமெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. விடிந்ததும் உடம்பு இளைக்கப் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு முதல் மாடிக்கு லிஃப்டில் ஏறுகிறவர்கள். எரிந்துகொண்டிருக்கும் பொத்தானையே மறுபடி மறுபடி குத்துகிறவர்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியில் தங்களைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள். இவர்களை வருடக்கணக்கில் ஏற்றி இறக்கியதில், மனிதர்கள்மேல் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் எங்கோ நின்றுவிட்டது.

லிஃப்ட் வேலை ஒற்றை ஆளால் ஆகாது. ஒருவர் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து இரும்பு வடங்களைத் துடைத்து எண்ணெய் போடுவார். இன்னொருவர் உச்சியில் மோட்டார் அறையில் நின்று பெட்டியை நகர்த்துவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நகர்த்துவதற்கு முன்னால் மேலே இருப்பவர் "கை, கால்!" என்று கத்த வேண்டும். கூரைமேல் இருப்பவர் கைகாலை இழுத்துக்கொண்டு "உள்ளே!" என்று பதிலுக்குக் கத்தினால்தான் பெட்டி நகரும். பெட்டி ஏறும்போது எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு பெரிய இரும்பு எடை இறங்கும். அதற்குக் காலென்றும் தெரியாது, கட்டையென்றும் தெரியாது.

இப்படி அவரோடு கத்திய கூட்டாளிகள் மூன்று பேர். ஒருவன் ஏசி ரிப்பேருக்குப் போய்விட்டான். இன்னொருவன், மாமனாரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மாமனார் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். மூன்றாமவன் காரணம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்த யாரும் கேட்கவுமில்லை.

நாலாவதாக வந்தவன்தான் பல்லவி. இது உப்புத்தாள் வைத்த பெயர். நாற்பதை நெருங்கும் கனத்த ஆள். எதைச் சொன்னாலும் சிரிப்பான். சாப்பாட்டில் பாதியைக் கேட்காமலே எடுத்து வைப்பான். நண்பன் என்று உப்புத்தாள் யாரையாவது சொல்ல நேர்ந்தால், வேறு வழியில்லாமல், அவனைத்தான் சொல்லியிருப்பார். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. பாட்டுப் படம் பார்ப்பான். நடுநடுவே பாட்டு வருகிற படமில்லை. பேச வேண்டியதை எல்லாம் பாடியே தீர்க்கிற படம்.

மோட்டார் அறையில் சாப்பிடும்போது கதை சொல்வான். உப்புத்தாள் கேட்பார்.

"அவ எதுக்குடா பாடுறா?"

"அம்மாவை விட்டுட்டு ஊருக்குப் போறாண்ணே."

"போகட்டும். பஸ் ஏறிப் போகட்டும். இவ பாடி முடிக்கிற வரைக்கும் பஸ் நிக்குமா?"

"டிரைவரும் பாடுறான்ணே."

உப்புத்தாள் டப்பாவை மூடிவிட்டார். அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

மகள் போனபிறகு வெறும் அறையில் அம்மா தனியாகப் பாடும் இடத்தில் தனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வந்துவிடும் என்று பல்லவி ஒருநாள் சொல்லிவிட்டான். சொல்லக்கூடாத ஆளிடம் சொன்னான். மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காவலாளியும் பெருக்குகிற பெண்களும் சுற்றி நிற்க, உப்புத்தாள் ஒரு கையில் ஸ்பேனரை ஏந்தி, மறுகையை நெஞ்சில் வைத்து, மூக்கால் பாடினார். "மகனே, பல்லவியே, நட்டு கழன்றதே, என் நெஞ்சும் கழன்றதே." பெருக்குகிற பெண் ஒருத்தி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பல்லவி சிரிக்கவில்லை. மிச்ச வேலையை முடித்தான். கேட்டபோதெல்லாம் "உள்ளே" மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெரியவரே, அவனும் வேற ஆள் கேக்கிறான். அவன் போனா உங்ககூடப் போடுறதுக்கு என்கிட்ட ஆளில்ல. உங்களை ஸ்டோர்ல உட்கார வெக்க வேண்டியதுதான்."

ஸ்டோர் என்பது ஜன்னலில்லாத அறை. கேட்கிறவர்களுக்கு போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். உப்புத்தாளுக்கு அந்த அறையை நினைத்தாலே ஆகாது. அதை முகத்தில் காட்டுகிற வழக்கம் இல்லை.

"என்ன வேணுமாம் அவனுக்கு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன்கூட அந்தப் படத்தை முழுசா உட்கார்ந்து பாக்கணுமாம். வாயே திறக்காம."

வீட்டில் சொன்னபோது மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு மணி நேரம் வாயை மூடிக்கிட்டா? எனக்கும் ஒரு டிக்கெட் சொல்லுங்க. படம் பாக்க இல்ல, உங்களைப் பாக்க."

அது பழைய படங்களை மட்டும் போடுகிற சின்னத் தியேட்டர். இருக்கைகளின் பஞ்சை எலிகள் பங்கு போட்டிருந்தன. வந்திருந்தவர்களைப் பார்த்ததும் உப்புத்தாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது: பாட்டு வரும் முன்பே வாயசைக்கிற கூட்டம். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பால்காரன் பாடினான். அவனுக்குப் பாக்கி வைத்தவள் பாடினாள். பாட்டு வேண்டாமென்று ஒரு போலீஸ்காரன் தடுத்தான். அதையும் பாடித்தான் தடுத்தான். பெண் பஸ்ஸேறி ஒரு பெரிய ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே லிஃப்ட் இயக்குகிறவன் கதாநாயகன். அவன் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய்க்கறை இல்லை. உப்புத்தாள் வாயைத் திறக்கவில்லை. இருட்டில் பல்லவி அவரை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து முகம் மலர்ந்துகொண்டிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு லிஃப்ட் நின்றுபோனது. கதாநாயகன் பெட்டியின் கூரைமேல் ஏறினான். சரிசெய்வான் என்று பார்த்தால் உட்கார்ந்து பாட ஆரம்பித்தான். காதல் முற்றி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு ஆட்டினான். வடங்கள் அசைந்தன. பெட்டி ஏறியது. மேலேயிருந்து எதிர்ச்சுவரை ஒட்டி இரும்பு எடை இறங்கி வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

"கை, கால்!"

தியேட்டர் அதிர்ந்தது. கத்தியது தான்தான் என்பது உப்புத்தாளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் பக்கத்தில் பல்லவி "உள்ளே!" என்று முழுத் தொண்டையில் கத்தி, இரண்டு காலையும் வெடுக்கென்று மேலே இழுத்தான். முழங்கால் பட்டு முன்னிருக்கை அம்மாளின் கண்ணாடி தெறித்து விழுந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பியது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். திரையில் கால் பத்திரமாக இருந்தது. எடை அட்டையாக இருக்க வேண்டும்.

கடைசியில், படத்தில் ஊரிலிருக்கும் அம்மா வெறும் அறையில் பாடினாள். உப்புத்தாள் திரையைப் பார்க்கவில்லை, பல்லவியைத்தான் பார்த்தார். அவன் கண் காய்ந்தே இருந்தது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"அவன் காலு போயிருக்கும்டா" என்றார் உப்புத்தாள்.

"எத்தனையோ தடவை பாத்திருக்கேண்ணே. அந்தக் காலை நான் பாத்ததே இல்ல. அவன் முகத்தைத்தான் பாப்பேன்." பல்லவி தார்ச்சாலையைப் பார்த்துச் சொன்னான். "இன்னைக்கு அம்மா பாடும்போதும் அந்தக் காலுதான் கண்ணுல நிக்குது. அழுகையே வரல. இனிமே வரவும் வராது. கெடுத்துட்டீங்க."

இதற்கு உப்புத்தாளிடம் தயாராகப் பல பதில்கள் இருந்தன. எல்லாம் நல்ல பதில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டாளியைக் காவு கொடுக்கலாம். ஜன்னலில்லாத ஸ்டோர் கண்முன் வந்தது. அதைவிட அருகில் காய்ந்த கண்ணோடு இவன் நின்றான். அந்தப் பதில்களை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"லிஃப்ட் இல்லாத படம் எதுவும் கிடையாதா?"

பல்லவி திரும்பிப் பார்த்தான். கிண்டலா என்று முகத்தில் தேடினான்.

"எதுக்கு?"

"இருந்தா சொல்லு. வர்றேன்."

"வாயை மூடிக்கிட்டா?"

"அது முடியாதுடா. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது."

பஸ் வந்தது. பல்லவி ஏறவில்லை. யோசித்தான்.

"கிராமத்துக் கதை ஒண்ணு இருக்கு. மாடி வீடே கிடையாது. வெள்ளம் வந்து எல்லாரும் பாடிக்கிட்டே சாவாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கி இல்லாம."

"அப்ப நல்ல படம்தான்" என்றார் உப்புத்தாள்.

"நாளைக்குக் காலையில சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான் பல்லவி. "ஆனா இனிமே நீங்க அஞ்சு வரிசை தள்ளித்தான் உட்காரணும்."