எதிர்வீட்டுக்குப் போன பயணம்

அம்மாவை இருதய அறுவைக்குச் சேர்க்கச் சொல்லித் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளில்தான் அவளுக்குச் சந்திராஷ்டமம். அத்தை தினசரிக் காலண்டரின் தாள்களைத் தூக்கிப் பிடித்து, அந்தத் தேதியின் அடியில் அம்மாவின் நட்சத்திரம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததைக் காட்டினாள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ஆகாயத்தில் போகிற சந்திரனுக்குத் தென்காசியில் எங்கள் தெருவில் இருக்கிற அம்மாவைத் தெரிந்திருக்கிறதே என்று வாயடைத்துப் போனேன்.

"அன்னைக்கு அவ வீட்ட விட்டு இறங்கக் கூடாது. நாள மாத்தச் சொல்லு" என்றாள் அத்தை.

"இத விட்டா அப்புறம் எப்ப இடம் கெடைக்கும்னு தெரியாது. டாக்டர் இன்னும் தள்ளிப்போடாதீங்கன்னு சொல்லுதாரு" என்றார் அப்பா.

கடைசியில் அத்தையே வழி சொன்னாள். முந்தின நாள் நல்ல நேரத்தில் அம்மா பையோடு புறப்பட்டுப் போய் வேறொரு வீட்டில் தங்கிவிட வேண்டும். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போவது அதன் மிச்சம்தான். ஆனால் நடுவில் எங்கள் வாசலை அவள் மிதிக்கக் கூடாது.

எதிர்வீட்டு அக்காவை, அவர்கள் வீட்டு வழக்கப்படி, நாங்களும் லாத்தா என்போம். அவள் கணவர் சவூதியில் இருந்தார். "எங்க வீட்டுலயே வந்து இருக்கட்டும்" என்று சொல்லி லாத்தா முன்னறையில் பாய் விரித்து வைத்தாள்.

அம்மா திருநீறு பூசிக்கொண்டு, என் தலையைத் தடவிவிட்டு, சாரலில் நனைந்த தெருவைக் கடந்தாள். குற்றாலத்துக்குப் போகிற வேன் ஒன்று அவளுக்காக நின்று வழிவிட்டது.

அன்று பூராவும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எதிரே அம்மா முருங்கைக்கீரை உருவினாள். லாத்தாவின் மகளுக்குச் சடை பின்னினாள். கண்ணுக்கு எதிரே இருக்கிறாள், ஆனாலும் போய்விட்டாள். நாளைக்குச் சந்திரன் எங்கள் வீட்டில் வந்து தேடும், ஆள் நேற்றே புறப்பட்டுவிட்டாள் என்று தெரிந்து பேசாமல் போய்விடும். நினைக்க நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சாயங்காலம் பொறுக்க முடியாமல் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அத்தை ஓடி வந்தாள்.

"ஏட்டி, கூப்பிடாத. அம்மா பயணத்துல இருக்கா. திரும்பி வந்துட்டான்னா என்ன செய்யது?"

அம்மா தலை நிமிரவில்லை. பின்னி முடித்த சடையை அவிழ்த்து, முதலிலிருந்து மறுபடி பின்னத் தொடங்கினாள். காலையில் காரில் ஏறும்போதும் எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

சாரல் முடிவதற்குள் அவள் நல்லபடியாகத் திரும்பி வந்தாள், அதற்கும் அத்தை ஒரு நேரம் பார்த்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்: வீட்டைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் சந்திரன் கண்டுபிடித்துவிடும், எங்கம்மா ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று.

பல வருஷம் கழித்து நான் வேலைக்குப் பெங்களூர் புறப்பட்டபோது, அத்தை என்னையும் லாத்தா வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். நம் வீட்டுப் பக்கம் திரும்பலாமா என்று கேட்டேன்.

"நல்லாப் பாரு. வாசல் ஏறத்தான் கூடாது" என்றாள் அத்தை. "பாக்கக் கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"